ஆய்வேட்டைக் கைப்பேசி வாசிக்குமா?

ஒரு வேலைக்கு ஒரு செயலி என்னும் பழக்கம் ஆய்வு மாணவர்களிடையே வேரூன்றிவிட்டது. நூற்பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்ற ஒன்று, நேர்காணலை எழுத்தாக்க ஒன்று, கட்டுரையை உரக்க வாசிக்கக் கேட்க ஒன்று. முதல் வாரம் இலவசம். அதன்பின் மாதச் சந்தா. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்குப் பல ஆண்டுகளாக வழங்கப்பட்டுவருவது மாதம் 8,000 ரூபாய். விடுதி உணவுக் கட்டணம், ஒளிநகல் செலவு, களப்பயணம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அந்தத் தொகையிலிருந்து சந்தா கட்டி அவர் வாங்கும் வசதிகளில் பெரும்பகுதி, கையிலிருக்கும் திறன்பேசியிலேயே ஏற்கெனவே இருக்கிறது என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

சொல்லாததற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. அவ்வசதிகள் வைக்கப்பட்டிருக்கும் இடமும் ஒரு காரணம். அமைப்புகள் பகுதியில் 'அக்ஸஸிபிலிட்டி', அதாவது அணுகல்தன்மை, என்றொரு பட்டியல் உண்டு. அது மாற்றுத்திறனாளிகளுக்கு உரியது, தமக்கு அங்கே வேலையில்லை என்று எண்ணியே பெரும்பாலோர் அதைக் கடந்துபோகின்றனர். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் ஆண்டிராய்டிலும், வாய்ஸ்ஓவர் ஐபோனிலும் 2009ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதைத் திறப்போர் தொகைதான் வளரவில்லை. இத்தாலியைச் சேர்ந்த பெல்லெக்ரினோ துர்ரி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளுள் ஒன்றை உருவாக்கியது, பார்வையிழந்த தோழி ஒருவர் தாமே கடிதம் எழுதவேண்டும் என்பதற்காகத்தான். ஒருவருக்காகச் செய்தது எல்லாருக்கும் பயன்பட்ட அந்த வரலாறு தெரிந்தவர்களும்கூடக் கைப்பேசிக்குள் இருக்கும் பட்டியலைத் திறந்து பார்ப்பதில்லை.

ஆய்வாளருக்கு மிகுந்த பயன் தருவது, ஆண்டிராய்டில் 'செலக்ட் டு ஸ்பீக்' என்ற பெயரில் உள்ள வசதி. ஒருமுறை இயக்கிவிட்டால் திரையில் தேர்ந்தெடுத்த பகுதியைக் கருவி உரக்க வாசிக்கும். தமிழ்க் குரலும் உண்டு. ஐபோனில் 'ஸ்பீக் ஸ்கிரீன்' வசதியை இயக்கிவிட்டு, இரு விரல்களால் திரையை மேலிருந்து கீழே தள்ளினால் வாசிப்பு தொடங்கும். இதன் முதற்பயன் மெய்ப்புத் திருத்தம். தாம் எழுதியதைத் தாமே படிக்கும்போது, எழுத நினைத்ததையே கண் படிக்கிறது. விடுபட்ட சொல்லையும் இருமுறை வந்த சொல்லையும் தாண்டிச் சென்றுவிடுகிறது. இயந்திரக் குரலுக்கு அந்த இரக்கம் கிடையாது. நாலு வரிக்கு நீளும் வாக்கியத்தில் எழுவாய்க்குரிய பயனிலை வராமலே முற்றுப்புள்ளி விழுந்திருந்தால் அது காதில் உடனே உறுத்தும். நெறியாளரிடம் இயலை ஒப்படைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் செவிகொடுத்துக் கேட்டால் சிவப்பு மையில் பாதி மிச்சமாகும்.

அச்சு நூலைப் படமெடுத்து எழுத்தாக்கும் வசதி பல கைப்பேசிகளில் ஒளிப்படக் கருவியோடோ கூகுள் லென்ஸாகவோ கூடவே வருகிறது. தமிழ் அச்சையும் அது படிக்கும். இங்குச் சற்று எச்சரிக்கை வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி மங்கியிருந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். ரகரமும் காலும் இடம் மாறும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை கொம்பு வளைந்த பழைய வடிவில் இருப்பதால் அங்கே தடுமாற்றம் மிகுதி. தமிழ் எண் ஒன்றும் ககரமும் ஒரே வடிவின என்பதால் பழைய பதிப்புகளின் பக்க எண்ணை நம்பி மேற்கோள் காட்டுவது ஆபத்து. எழுத்தாக்கியதை மூலத்தோடு ஒப்பிடாமல் ஆய்வேட்டில் சேர்ப்பது, ஏடு பெயர்த்தெழுதியவர் பிழையை மூலபாடமாக எடுத்துக்கொள்வதற்குச் சமம். ஆயினும் நாற்பது பக்கத்தைக் கையால் படியெடுப்பதற்கும், நாற்பது பக்கத்தை ஒப்பிட்டுத் திருத்துவதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

மூன்றாவது, 2019இல் வந்த 'லைவ் டிரான்ஸ்கிரைப்'. செவித்திறன் குறைந்தோர் உரையாடலைப் பின்தொடர்வதற்காக, அவர்களுக்கான அமெரிக்கப் பல்கலைக்கழகமான கேலடெட்டோடு இணைந்து கூகுள் உருவாக்கியது. எதிரே பேசுவது திரையில் எழுத்தாக ஓடும். தமிழும் அதில் அடக்கம். கருத்தரங்கக் குறிப்புக்கு இது நல்ல துணை. களப்பணிக்கு அப்படியே எடுத்துச் செல்லலாகாது. வட்டார வழக்கில் வேகமாகப் பேசும் முதியவரின் சொல்லை அது தனக்குத் தெரிந்த பொதுச்சொல்லாக எழுதிவிட்டால், ஆய்வாளர் தேடிப்போன சொல்லே தொலைந்துபோகும். இணையத்தோடு இயங்கும்போது தகவலாளியின் பேச்சு வேறொரு நிறுவனத்தின் வழங்கிக்கும் செல்கிறது. அதைச் சொல்லி ஒப்புதல் பெறுவது களப்பணி அறத்தின் பகுதி. ஒலிப்பதிவுக்கு வாங்கிய ஒப்புதல் இதற்குப் போதாது.

குரல்வழித் தட்டச்சு, உருப்பெருக்கி, நீண்ட தொடரைச் சுருக்கெழுத்தால் வரவழைக்கும் தனி அகராதி என்று இன்னும் உண்டு. தேடினால் கிடைப்பவை, விரிக்க வேண்டியதில்லை.

இனி விரித்தே ஆகவேண்டிய ஒன்று. மேற்சொன்ன வாசிக்கும் வசதியை இயக்கிவிட்டு, பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சேர்ந்துகிடக்கும் சோத்கங்கா களஞ்சியத்திலிருந்து தமிழ் ஆய்வேடு ஒன்றை எடுத்துத் திறந்து பார்க்கலாம். பலமுறை நேர்வது இரண்டில் ஒன்று. ஏடு முழுதும் வெறும் படமாக வருடப்பட்டிருக்கும்; கைப்பேசி வாய் திறக்காது. அல்லது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. கருவி அதை 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று வாசிக்கும். முன்னூறு பக்கமும் அப்படியே. ஒருங்குறியில் செய்த ஏட்டிலும், பிடிஎஃப் ஆக்கிய மென்பொருள் சரியில்லையெனில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் பெயர்ந்து சொற்கள் சிதறும்.

பார்வையுள்ளவருக்கு இது சிறு எரிச்சல். பார்வையற்ற ஆய்வாளருக்கோ அந்த ஏடு இல்லாததற்குச் சமம். தம் தலைப்பில் முன்பு நடந்த ஆய்வுகளை அவர் நண்பர் ஒருவரை அருகில் அமர்த்தி வாசிக்கச் சொல்லித்தான் அறியவேண்டும். நண்பருக்கு நேரமிருக்கும் நாளில், நண்பர் முக்கியம் என்று கருதும் பக்கங்களை மட்டும். முந்தைய ஆய்வுகளை முழுமையாகப் பார்க்கவில்லை என்று வாய்மொழித் தேர்வில் அவரைக் குறைசொல்லும் அவையில் அமர்ந்திருப்போரின் சொந்த ஆய்வேடுகளே வாசிக்க இயலாத வடிவில் களஞ்சியத்தில் இருக்கலாம். இந்த முரணை எந்தத் துறையும் பேசுவதாகத் தெரியவில்லை.

சட்டம் இதைச் சலுகையாகக் கருதவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. மின்வடிவ உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் கூறு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இடம் ஒதுக்கிச் சேர்த்துக்கொண்டு, படிக்கமுடியாத நூல்களை முன்னே குவிப்பது எவ்வகை நிறைவேற்றம்?

பழி தட்டச்சகத்தின் மேல் போடப்படுவது வழக்கம். அங்கே பழகிய விசைப்பலகை அதுதான், மாற்றச் சொன்னால் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள் என்பார்கள். அவர்கள் தொழில் பழகியவர்கள். வாடிக்கையாளர் கேட்பதைச் செய்பவர்கள். கேட்கவேண்டியது துறை. ஒருங்குறியில் தமிழ் 1991இலிருந்து இருக்கிறது. தமிழ்நாடு அரசே 2010இல் அதை ஏற்றுவிட்டது. தில்லியிலும் ஐதராபாத்திலும் வாரணாசியிலும் உள்ள தமிழ் ஆய்வாளருக்குப் பாமினி தெரிந்த தட்டச்சகம் பக்கத்தில் இல்லாததால் அவர்கள் தாமே ஒருங்குறியில் எழுதப் பழகிக்கொள்கின்றனர் என்பது வேடிக்கையான நன்மை.

இன்னொரு மறுப்பு சற்றுக் கனமானது. இவ்வசதிகளெல்லாம் இரண்டு பெருநிறுவனங்களின் உடைமை. அவற்றைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது அவற்றுக்கு விளம்பரம் ஆகாதா? கவலை நியாயமானதே. எழுத்தாக்கமும் குரலுணர்தலும் நிறுவனத்தின் வழங்கியைச் சார்ந்திருக்கும் வரை அதை மறக்கலாகாது. ஆனால் ஒருங்குறியில் அமைந்த கோப்பு எந்த நிறுவனத்துக்கும் சொந்தமன்று. கட்டணமற்ற திறமூல மென்பொருளான என்விடிஏ திரைவாசிப்பானும் அதைக் கணினியில் வாசிக்கும். கைப்பேசி இங்கே ஓர் எளிய சோதனைக் கருவி, அவ்வளவே.

ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்னும் 2 மதிப்பெண் அலகுப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட ஆய்வாளர்க்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. 30 மணி நேரம். கருத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருள் பற்றி அதில் விரிவாகவே சொல்லித் தரப்படுகிறது. அந்த முப்பதில் ஒரு மணி நேரத்தை அணுகல்தன்மைப் பட்டியலுக்குத் தரலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் வாசிக்கும் வசதியை இயக்கி, தாம் எழுதிய ஒரு பக்கத்தைக் கேட்கட்டும். அதேபோல் ஆய்வேட்டை ஏற்கும் அலுவலகம், கருத்துத் திருட்டுச் சான்றிதழைக் கேட்பதற்கு முன் கோப்பின் ஏதேனும் ஒரு பக்கத்தைக் கைப்பேசியிடம் வாசிக்கக் கொடுக்கட்டும். தமிழாக ஒலித்தால் பெற்றுக்கொள்ளலாம். 'ஜே, கே, பி, ஓ' என்றால் அன்றே திருப்பியனுப்பலாம். அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்; செலவு ஏதுமில்லை.