கோழியின் பெயரைச் சரியாகச் சொல்வோம்

ஞாயிற்றுக்கிழமை நம் ராயபுரத்துக் கறிக்கடைகளில் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, "நாட்டுக்கோழியா, பிராய்லரா?" என்பதுதான்.

பிராய்லர் சுமார் 40 நாளில் 2 கிலோ எடைக்கு வந்துவிடும். பல்லடம், உடுமலைப் பக்கத்துப் பண்ணைச் சரக்கு. விலை மலிவு, கறி மெத்தென்று சீக்கிரம் வேகும். அதில் குறையொன்றுமில்லை. மேய்ந்து திரியும் நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ வர 5, 6 மாதம் பிடிக்கும். ஓடியாடி, வயதும் கூடுவதால் கறி கெட்டிப்பட்டு ருசி ஏறுகிறது. கூடுதல் விலை அதற்குத்தான்.

இடையில் மூன்றாவது சரக்கு ஒன்று உண்டு. பண்ணையில் தீவனம் போட்டு வளர்க்கும் கலப்பினக் கோழி, சுமார் 3 மாதத்தில் விற்பனைக்கு வந்துவிடும். இறகு நாட்டுக்கோழி போலிருக்கும், ருசி இடைப்பட்டது. இதை விற்பது தவறல்ல, நாட்டுக்கோழி என்று சொல்லி விற்பதே தவறு. மளிகைக் கடை முட்டைக்கும் இதே கதைதான். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. பழுப்பெல்லாம் நாட்டு முட்டை ஆகிவிடாது.

மொத்த வியாபாரிகள் பில்லிலேயே இனத்தைக் குறிக்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர்கள் மூன்றுக்கும் தனித்தனி விலையைப் பலகையில் எழுத வேண்டும். ஏமாந்த வாடிக்கையாளர் சண்டைக்கு வரமாட்டார். அடுத்த வாரம் வேறு கடைக்குப் போய்விடுவார். லாபம் சற்றுக் குறைந்தாலும் ஈடுகட்டலாம். போன பெயரை மீட்பது கடினம்.