படகை எங்கே நிறுத்துவது?

உழவர்கரை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ரெட்டியார்பாளையத்து நெரிசலும் இந்திரா காந்தி சதுக்கமும்தான் நினைவுக்கு வரும், கடல் வராது. உள்ளூரில் இருக்கும் நம்மில் பலருக்கும் அப்படித்தான். ஆனால் உழவர்கரை நகராட்சியின் எல்லை நகரத்தோடு முடிந்துவிடுவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் ஆகிய தமிழ்நாட்டு ஊர்களைத் தாண்டியபின், பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் என்று அது மறுபடியும் தலைகாட்டுகிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் துண்டுதுண்டாக அமைந்த எல்லை அது. அங்கே, கடலை நம்பிப் பிழைக்கும் குப்பங்களில், சில ஆண்டுகளாகவே ஒரு கேள்வி புகைந்துகொண்டிருக்கிறது. படகை எங்கே நிறுத்துவது?

கேட்பதற்குச் சிறிய கேள்விதான். தெருவில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவது போன்ற ஒன்றாக நகரவாசிக்குத் தோன்றலாம். ஆனால் கடற்கரையோரம் குடியிருப்பவர்களும் படகுக்காரர்களும் முகம் பார்க்காமல் போகும் அளவுக்கு இது வளரக்கூடியது, வளர்ந்தும் இருக்கிறது. வீட்டு வாசலில் வலை காய்கிறது, மீன் வாடை வீசுகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு டிராக்டர் சத்தம் எழுப்புகிறது, டீசல் புகை படுக்கையறைவரை வருகிறது என்கிறார்கள் ஒரு பக்கத்தார். நீங்கள் வீடு கட்டுவதற்கு முன்பே எங்கள் தாத்தா இந்த இடத்தில்தான் மரம் ஏற்றினார் என்கிறார்கள் மறுபக்கத்தார். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஓய்வூதியப் பணத்தைப் போட்டுக் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு கட்டியவர் தூக்கத்தைக் கேட்பது குற்றமாகாது. அவரை நிலம் பறிக்க வந்தவர் என்று ஏசுவது நியாயமும் அல்ல.

ஆயினும் இந்தச் சச்சரவில் இரு தரப்பாரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள் என்று நமக்குப் படுகிறது. அவர்கள் சண்டையிடுவது சுருங்கிக்கொண்டே வரும் ஒரு நிலத்துக்காக. அந்த நிலத்தைச் சுருக்கியவர்கள் அவர்கள் இருவருமே அல்லர்.

புதுச்சேரிக் கடற்கரையின் கதை பலருக்கும் தெரிந்ததே. என்றாலும் அதன் விவரம் இங்கே தேவைப்படுகிறது. நம் கடலோரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு தெற்கே திருப்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் மணல் வடக்கே போகிறது. 1980-களின் இறுதியில் நகரின் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. சேர்ந்த மணலை எடுத்து வடபுறம் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இத்தகைய துறைமுகத்துக்கு அடிப்படை நிபந்தனை. அது தொடர்ச்சியாக நடக்கவில்லை. நகரக் கடற்கரை கரைந்தது. கற்களைக் கொட்டிக் காப்பாற்றினார்கள். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நகர்ந்தது, அங்கும் கல். பிறகு மாநில எல்லையைத் தாண்டிப் பக்கத்துக் குப்பங்களுக்குப் போனது. அங்கே தூண்டில் வளைவுகள். ஒரு தூண்டில் வளைவின் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் அரிக்கும். ஆகவே ஓர் ஊரின் பரிகாரம் அடுத்த ஊரின் நோயாகிறது. கடலுக்கு எது புதுச்சேரி, எது விழுப்புரம் மாவட்டம் என்று தெரியாதல்லவா?

அந்த வரிசையில் பிள்ளைச்சாவடியும் வந்து சேர்ந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வீசியபோது அங்கே கடலோர வீடுகள் இடிந்தன. கல் கொட்டுங்கள் என்று மக்கள் சாலைக்கு வந்தார்கள். வீட்டை இழந்தவன் வேறு எதைக் கேட்பான்?

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. வீட்டுக்குக் கல் வேண்டும். படகுக்கு மணல் வேண்டும். கருங்கற்களைக் குவித்த கரையில் எந்தப் படகையும் ஏற்ற முடியாது. அலையில் வந்து மோதினால் ஃபைபர் உடைந்துவிடும். எனவே வீட்டைக் காத்த அதே சுவர் படகைத் துரத்துகிறது. துரத்தப்பட்ட படகு எங்கே போகும்? மணல் மிச்சமிருக்கும் பக்கத்து ஊர்க் கரைக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு நிற்கும் படகுகளின் சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். அல்லது சாலையோரத்துக்கு வருகிறது. அங்கே குடியிருப்பவர்கள் புகார் எழுதுகிறார்கள். படகுக்காரர் ஒரு பக்கம், குடியிருப்போர் ஒரு பக்கம் என்று நாம் எளிதாகப் பிரித்துப் பேசுகிறோமே, குப்பத்தில் அந்தக் கோடு ஒரே வீட்டுக்குள் ஓடுகிறது. கல்லைக் கேட்பவரும் மணலைக் கேட்பவரும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்.

படகும் மாறிவிட்டது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டுமரம் அடக்கமான பிராணி. கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே தோளில் தூக்கிப் போய் ஒரு மூலையில் சாய்த்துவிடலாம்; மக்கிப் போனால் விறகாகும். 2004 சுனாமிக்குப்பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஃபைபர் படகுகளை வழங்கின. நல்ல எண்ணத்தோடு தந்ததுதான். ஆனால் ஏறத்தாழ 30 அடி நீளம், பின்னால் மோட்டார், இழுக்க டிராக்டர், டிராக்டர் திரும்ப இடம், வலை வைக்க ஒரு கொட்டகை என்று ஒவ்வொன்றாக அது கேட்டுக்கொண்டே போகிறது. பழுதான ஃபைபர் படகு மக்குவதுமில்லை, எரிக்கவும் முடிவதில்லை. இருக்கிற கொஞ்சம் மணலையும் அடைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கவிழ்ந்து கிடக்கிறது. இதைப்பற்றிக் குடியிருப்போர் குறைபட்டால் படகுக்காரர்கள் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். எத்தனை படகு கொடுத்தோம் என்ற கணக்கு எழுதப்பட்டது. அவை நிற்க எவ்வளவு மணல் இருக்கிறது என்ற கணக்கை யாரும் எழுதவில்லை.

சென்னை இந்தப் பாடத்தை இரத்தம் சிந்திப் படித்தது. 1985-இன் இறுதியில் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அன்றைய அரசு முனைந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். டிசம்பரில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தனர். அது முடிந்த கதை என்று எண்ணியிருந்தவர்களுக்கு 2023 ஏப்ரல் நினைவூட்டியது. நொச்சிக்குப்பம் அருகே லூப் சாலையோரம் இருந்த மீன் கடைகளால் போக்குவரத்து தடைபடுகிறது என்று சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகுகளைச் சாலையின் குறுக்கே இழுத்துப் போட்டார்கள். நாங்கள் சாலைக்கு வரவில்லை, சாலைதான் எங்கள் கரைக்கு வந்தது என்பது அவர்கள் வாதம். 2024 ஆகஸ்டில் அங்கே 366 கடைகள் கொண்ட மீன் அங்காடி திறக்கப்பட்டது. விற்பவர்களுக்கு ஒரு கூரை கிடைத்தது நல்லதே. ஆனால் அங்காடி என்பது விற்பதற்கான இடம். படகு ஏறி இறங்கவும் வலை உலரவும் மணல் வேண்டும் என்ற கேள்வி கூரைக்கு வெளியேதான் நிற்கிறது.

உலகின் பிற நீர்க்கரைகளிலும் இதே பூசல்தான். லண்டன் நகரக் கால்வாய்களில் படகையே வீடாகக் கொண்டு பல குடும்பங்கள் வாழ்கின்றன. சொந்தமாகப் படகு கட்டும் இடம் இல்லாதவர்கள் ஓரிடத்தில் பொதுவாக 14 நாள்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். விறகடுப்புப் புகையும் எஞ்சின் இரைச்சலும் கரையிலுள்ள வீடுகளுக்குத் தொல்லை என்று புகார்கள் குவிந்தபோது, இஸ்லிங்டன் பகுதியில் படகுகளை விரட்டாமல், கரையிலேயே மின் இணைப்பு தந்து பார்த்தார்கள். மின்சாரம் வந்தால் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? ஆலப்புழைக் காயலில் சுற்றுலாப் படகுவீடுகள் மாலையில் ஓட்டத்தை நிறுத்திக் கரையோரம் கட்டிவிட வேண்டும். இரவு நீர்ப்பரப்பு வலை போடும் மீனவர்களுக்கு. பகல் ஒருவருக்கு, இரவு ஒருவருக்கு என்ற பங்கீடு. படகுவீடுகளின் கழிவால் காயல் கெடுகிறது என்ற கரையோர மக்களின் முறையீடு அங்கே இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுவோம்.

பங்கீடு நமக்குப் புதியது அல்ல. பழவேற்காட்டு ஏரியில் இன்ன நாள் இன்னார் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று முறைவைக்கும் ‘பாடு’ வழக்கம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. தொண்டை மண்டலத்து ஊர்களில் ‘கரை’ என்ற சொல்லுக்கே பொது நிலத்தில் ஒருவருக்குள்ள பங்கு என்றும் பொருள் இருந்தது. (நம் உழவர்கரையின் ‘கரை’ எந்தக் கரை என்று அறிஞர்கள் சொல்லட்டும்.) லூக்கா நற்செய்தியில் கெனசரேத்து ஏரிக்கரையில் இரண்டு படகுகள் நிற்க, மீனவர் இறங்கி வலைகளை அலசிக்கொண்டிருந்ததாகப் படிக்கிறோம். மறையுரைகளில் நாம் ஆழத்துக்குப் போய்விடுகிறோம், கரையைக் கவனிப்பதில்லை. அந்தக் காட்சி நடக்கவும் படகு நிற்க ஓர் இடமும் வலை அலச ஓர் இடமும் தேவைப்பட்டன.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டுக்குப் பட்டா உண்டு, வரி ரசீது உண்டு, மின் இணைப்பு எண் உண்டு. படகுக்கும் பதிவு எண் உண்டு. படகு நிற்கும் மணலுக்கு எந்த எண்ணும் இல்லை. ஏட்டில் அது புறம்போக்கு. ஆகவே பிரச்சினை எழும்போது காகிதம் வைத்திருப்பவர் குடியிருப்பவராகவும், வைத்திராதவர் ஆக்கிரமிப்பாளராகவும் ஆகிவிடுகிறார். 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இந்தக் குறையை ஓரளவு உணர்ந்திருந்தது. கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவ ஊர்களையும், அவர்களுடைய பொதுச் சொத்துகளையும், மீன் உலர்த்தும் இடங்களையும் குறிக்க வேண்டும் என்று அது சொன்னது. 2019-இல் புதிய அறிவிக்கை வந்து கட்டுமானங்களுக்கான விதிகள் பல இடங்களில் தளர்ந்தன. கட்டடம் கடலை நெருங்க நெருங்க, படகுக்கான மணல் வரைபடத்தில் இருக்கிறதா என்ற கேள்வி முன்னிலும் அவசரமாகிறது.

மணல் திரும்பி வராது என்பதும் இல்லை. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்று வைக்கப்பட்டது. 2019-க்குள் அங்கே மணல் சேர்ந்து, கல் மட்டுமே இருந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடத் தொடங்கினார்கள். நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மணல் திரும்பிய இடம் உலா போகும் சாலைக்கு எதிரே. சுற்றுலாவுக்கு அது எவ்வளவு வேண்டுமோ, அதைவிடச் சற்று வடக்கே இருக்கும் குப்பங்களுக்கு அது வேண்டும். அடுத்து எங்கே மணல் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் வணிகரும் விடுதிக்காரரும் அதிகாரியும் இருப்பார்கள். படகுக்காரர் இருக்க வேண்டும். கூடையோடு காத்திருக்கும் மீன் விற்கும் பெண்களும் இருக்க வேண்டும். படகு இரண்டு மைல் தள்ளி நின்றால் அவர்களுடைய வருமானத்தில் பாதி ஆட்டோ கட்டணமாகப் போகிறது.

நகராட்சியும் மீன்வளத் துறையும் ஊர்ப் பஞ்சாயத்தாரும் சேர்ந்து, பிள்ளைச்சாவடி முதல் கனகசெட்டிக்குளம் வரை படகு நிற்கும் இடங்களை அளந்து, எல்லைக் கல் நட்டு, வரைபடத்தில் ஏற்றலாம். கல் கொட்டும் ஒவ்வோர் இடத்திலும் படகு ஏற ஒரு திறப்பு விடலாம். பயனற்ற ஃபைபர் படகுகளை அப்புறப்படுத்தும் செலவை அரசு ஏற்கலாம். டிராக்டர் போகும் வழியைக் குடியிருப்போரோடு பேசி முடிவு செய்யலாம். புதிதாக வீடு வாங்குபவருக்கு, எதிரே இருப்பது படகுத்துறை என்று பத்திரப் பதிவின்போதே தெரிந்திருக்கட்டும். ஒன்றே ஒன்று: அளப்பதை ஏப்ரலில், கடல் அடங்கிக் கரை அகலமாகத் தெரியும்போது செய்யக் கூடாது. கார்த்திகை மழையில், அலை வீட்டு வாசல்வரை வரும் நாளில், எவ்வளவு மணல் மிஞ்சுகிறதோ அதை அளக்க வேண்டும்.