கால அட்டவணை நம் வீட்டுக்கும் வரட்டும்!

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் சார்ட் பேப்பரில் கோடு போட்டு, கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுவார்களே கால அட்டவணை, அது இப்போது ஆசிரியர்களின் செல்போனுக்குள் போய்விட்டது. பிள்ளைகளின் வருகைப் பதிவு போலவே, எந்த வகுப்புக்கு எந்தப் பாடவேளையில் எந்த ஆசிரியர் என்பதையும் 'எமிஸ்' என்கிற அரசுத் தளத்தில் ஏற்றுகிறார்கள்.

இதை நான் குறை சொல்லவில்லை. ஒரு வகுப்புக்கு நாளைக்கு எட்டுப் பாடவேளை என்றால் ஐந்து நாளைக்கு நாற்பது கட்டம். ஒரே ஆசிரியர் நாலைந்து வகுப்புக்குப் போகிறபோது ஒன்றோடொன்று மோதாமல் நிரப்புவது லேசுப்பட்ட வேலையா? பென்சிலும் ரப்பருமாக மல்லாடிய ஆசிரியர்களுக்கு இப்படி ஒரு வசதி வந்தால் நல்லதுதான். ஆனால் அந்த அட்டவணை வீட்டுக்கு வந்து சேரவில்லையே, அதுதான் என் வருத்தம்.

என் மகள் ஏழாம் வகுப்பு. "நாளைக்கு என்ன பாடம்?" என்று கேட்டால், "தெரியலம்மா, மாத்திட்டாங்களாம்" என்று எல்லாப் புத்தகத்தையும் பையில் திணிக்கிறாள். ஒருநாள் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஆறரை கிலோ! ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாலு கிலோவுக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் பை இருக்கணும் என்கிறது 2020-இல் வந்த கொள்கை. கால அட்டவணை கையில் இல்லாமல் இது எப்படி நடக்கும்?

'வாட்ஸ்அப்பில் போட்டிருக்கோமே' என்பார்கள். எங்கள் பக்கம் பல வீட்டில் ஒரே ஒரு செல்போன், அதுவும் ஆம்பளைகளோடு வயலுக்குப் போய்விடும். நடவுக்குப் போகிற அம்மா விடிகாலையிலேயே கிளம்பிவிடுவாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லீவு விட்டு, அதற்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைக்கிறபோது இன்னும் குழப்பம். அன்றைக்குத் திங்கள்கிழமை பாடமா, வியாழக்கிழமை பாடமா, யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. அட்டவணையில் 'விளையாட்டு' என்று இருக்கும், மைதானத்தில் ஒரு பிள்ளையும் இருக்காது. பரீட்சை நெருங்கினால் அந்த நேரம் கணக்குக்குப் போய்விடும். வீட்டில் ஒரு பிரதி இருந்தால்தானே, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று நாம் கேட்க முடியும்?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. பள்ளி திறந்த முதல் வாரமே பிள்ளைகளை நோட்டின் முதல் பக்கத்தில் அட்டவணையை எழுதிக்கொள்ளச் சொல்லலாம். மாற்றம் இருந்தால் கடைசி மணியில் கரும்பலகையில் எழுதிப் போடலாம். ஐந்து நிமிஷ வேலை.

ஆசிரியர்களுக்காகவும் ஒரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை. பாடம் தயாரிக்கிற நேரமும் அதில் சேர்த்திதான். செல்போனில் விவரம் ஏற்றுகிற வேலை அந்த நேரத்தைத் தின்றுவிடக் கூடாது.

அதே சட்டம்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக, பாதிப் பேர் பெண்களாக இருக்கணும் என்கிறது. சகோதரிகளே, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிக் கூட்டங்களுக்குப் போனால் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். இதை வாய் திறந்து கேளுங்கள்.

ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தானே விடுகிறார்கள்? மதகு திறக்கிறவருக்கு மட்டும் தெரிந்தால் கடைமடைக்காரர் கதி என்ன? பிள்ளைகளின் படிப்புக்கும் அதே நியாயம்தானே!

- ஒரு வாசகி, திருவையாறு