சோதனைக்கு முன்னே சொல்லவேண்டியது

நெடுந்தீவிலிருந்து அதிகாலைப் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து, பண்ணைப் பாலம் வழியே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குப் பலமுறை அலைந்து, ஈ.சீ.ஜி.யும் எக்கோவும் உடற்பயிற்சிச் சோதனையும் முடித்துக்கொண்டு, "இருதயத்தில் ஒன்றுமில்லை" என்ற தீர்ப்போடு ஊர் திரும்பும் நோயாளி, தாம் கொண்டுசென்ற நெஞ்சு நோவையும் பெரும்பாலும் கூடவே கொண்டுவந்துவிடுகிறார். ஒன்றுமில்லையென்றால் இந்த நோவு எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்பது, தம்மைச் சோதித்த நிபுணரிடமன்று. மறுவாரம் தமது கிளினிக் கொப்பியை நீட்டும் தீவக வைத்தியரிடமே.

அனுப்பியது பிழையென்று எவரும் கருதவேண்டியதில்லை. சோழகக் காற்றில் கடல் குமுறும் மாதங்களில், நள்ளிரவில், கடற்படையின் படகை எதிர்பார்த்து ஒரு மாரடைப்பு நோயாளியை வைத்துக்கொண்டிருந்த அனுபவம் உள்ள எவரும், நகரத்து வைத்தியர் பொறுத்திருந்து பார்க்கக்கூடிய நோவையும் பகலிலேயே அனுப்பிவிடுவதன் விவேகத்தை மறுக்கமாட்டார். குறை இருப்பது அனுப்பும் முறையில். கடிதம் எழுதுகிறோம், திகதி சொல்கிறோம். சோதனை சுகமாய் வந்தால் அதன் பொருள் யாது என்பதை மாத்திரம் சொல்லாமல் விடுகிறோம்.

அவ்வாறு விடுவதன் விலை சிறிதன்று. 1980இல் அமெரிக்காவில் ஒக்கீனும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், அஞ்சியோகிராமில் அடைப்பில்லையென்று கண்டு ஆறுதல் கூறி அனுப்பப்பட்ட 57 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர், ஓராண்டு கடந்த பின்னும் வேலைக்குத் திரும்பாதவராகவும், தமக்கு இருதய நோயே உண்டென்று நம்புகிறவராகவும் இருந்தனர். இதற்கு மாறாக, நியூசிலாந்தில் கீத் பெற்றியும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட பரிசோதனையில், உடற்பயிற்சிச் சோதனைக்கு முன்னரே சாதாரண முடிவின் அர்த்தத்தைச் சில நிமிஷம் உரையாடி விளக்கப்பெற்றவர்கள், ஒரு மாதத்தின் பின்னும் கூடுதலான மனநிம்மதியோடு இருந்ததுடன், இருதய மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்வது அவர்களிடையே குறையும் போக்கும் காணப்பட்டது. பயம் வேரூன்றிய பின் வரும் ஆறுதலை மனம் சந்தேகத்தோடுதான் ஏற்கிறது.

ஆகவே, கடிதத்தை எழுதும்போதே இப்படிச் சொல்லலாம்: "அம்மா, உங்கட நோவு மெய்யான நோவுதான். இருதயத்துக்குப் போற இரத்தக் குழாயில அடைப்பு இருக்கோ எண்டு பாக்கத்தான் அனுப்புறம். இல்லையெண்டு வந்தா, நெஞ்சில நோகிறதுக்கு வேற காரணம் கனக்க இருக்கு. திரும்பி வாங்கோ, அதை நாங்கள் ரெண்டுபேருமாத் தேடுவம்." "திரும்பி வாங்கோ" என்பதை நம்மவர் பலர் விட்டுவிடுகின்றனர்.

தேடவேண்டிய காரணங்களை வாசகர் அறிவர். அவற்றுள் மிகச் சாதாரணமானது இரைப்பை அமிலம் மேலெழுதல். சில வாரம் அமிலத்தை அடக்கும் குளிசை கொடுத்துப் பார்ப்பதே அதற்குச் சோதனையும் சிகிச்சையுமாகும். விலாவென்பின் குருத்தெலும்பை விரலால் அழுத்த அதே நோவு எழுமாயின், அதை நோயாளியின் கையாலேயே அழுத்திப் பார்க்கச் செய்வது எத்தனையோ வார்த்தைகளுக்குச் சமம். பெண்களில், விசேஷமாக நடக்கையில் நோகிறதென்பவர்களில், பெருங்குழாய்கள் திறந்திருந்தும் நுண்குழாய்களில் இரத்தவோட்டம் குன்றுவதுண்டு. "அடைப்பில்லை" என்பதை "நோயில்லை" என்று வாசித்து அவர்களைக் கைவிடுதல் பெருந்தவறு.

பதகளிப்பைப் பற்றி நிதானமாகவே பேசவேண்டும். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் போர்வீரரிடம், பரிசோதனையில் பழுது காணாத நெஞ்சு நோவையும் படபடப்பையும் ஜேக்கப் டா கொஸ்டா 1871இலேயே விவரித்தார். நம் மண்ணில், தயா சோமசுந்தரமும் சிவயோகனும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், வட இலங்கைப் பொதுமக்களுள் 41 சதவீதத்தினரிடம் மனத்துயர் உடற்குறிகளாக வெளிப்பட்டது. "பெருமூச்சு வருது", "நெஞ்சு அடைக்குது" என்பவை தீவகத்தில் துக்கத்தின் பாஷையாகவும் வழங்குகின்றன. 1985 மே 15இல் குமுதினிப் படகிலே படுகொலை நிகழ்ந்த அதே கடல்வழியால்தான் நெடுந்தீவார் வைத்தியசாலைக்குப் போகவேண்டியிருக்கிறது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும் யுத்தத்தைக் கண்டவர் யாவர் நெஞ்சும் யுத்தத்தாலேயே நோகிறதென்று முன்கூட்டியே தீர்மானிப்பதும் ஒருவகைச் சோம்பலே. நோயாளியை அவசரமின்றிக் கேட்டால், இரவில் விழித்தெழுந்து மூச்சைப் பெருக்கி இழுப்பவரும், சாப்பிட்டவுடன் படுப்பவரும், மகனைக் கடலுக்கனுப்பிக் காத்திருப்பவரும் வெவ்வேறாகப் பிரிந்து தெரிவர். மூச்சை மெதுவாக்கும் பயிற்சியும், நோவைப் பற்றிய எண்ணங்களை ஆராயும் உளச்சிகிச்சையும் பயன்தருவன. தெரிந்தெடுத்த சிலருக்கு இமிப்பிரமின் சிறு அளவிலே உதவும். 1994இல் கனனும் பிறரும் செய்த பரிசோதனையில், இரவில் 50 மில்லிகிராம் உட்கொண்டவரின் நோவு வருந்தடவைகள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன.

இன்னொரு வழக்கத்தையும் கண்டிக்கவேண்டியுள்ளது. இருதயம் சுகமென்று வாயால் சொல்லிவிட்டு, "எதற்கும் இருக்கட்டும்" என்று அஸ்பிரினையும் நாக்கின் கீழ் வைக்கும் குளிசையையும் தொடரச் சொன்னால், நோயாளி குளிசையையே நம்புவார்; அதில் அவர் பிழையில்லை. சலரோகத்திற்காகவோ கொழுப்பிற்காகவோ ஒரு மருந்து வேண்டுமாயின், அது எதற்கென்பதைக் கொப்பியில் தெளிவாக எழுதுவோம். வேண்டாதது நிறுத்தப்பட்டதையும், நிறுத்திய காரணத்தையும் எழுதுவோம். அதே பக்கத்தில், நடந்தால் கூடி நின்றால் குறையும் நோவு, வியர்வையோடு கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, மயக்கம் ஆகியவை வந்தால் உடனே வரவேண்டுமென்பதும் இடம்பெறட்டும். அப்படி வருபவரை, போன மாதந்தானே சோதித்தோம் என்று கடிந்துகொள்ளாமல், மறுபடியும் ஈ.சீ.ஜி. எடுத்து, தேவைப்படின் மறுபடியும் படகேற்றுவோமாக.