பெயர் பொறித்த கல்லும் பெயரில்லாப் படையும்

சென்னைக் கடற்கரையை ஒட்டி நிற்கும் தூய சார்ச்சுக் கோட்டைக்குள் ஒரு காட்சியகம் உண்டு. 1795இல் கட்டி முடிக்கப்பெற்ற பழைய மாளிகை அது. 1948 முதல் காட்சியகமாக விளங்கி வருகின்றது. அண்மையில் ஒரு நாள், நம் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். 1640இல் ஆங்கில வணிகர் கட்டத் தொடங்கிய கோட்டை, நம் நாட்டையே விழுங்கிய வரலாற்றை அவர்கள் கண்ணாற் காணவேண்டும் என்பதே நம் நோக்கம்.

வாயிலிற் பீரங்கிகள், உள்ளே வாளும் துமுக்கியும் சீருடையும் பதக்கமும் காசும், மேலே ஆளுநர்தம் பேரோவியங்கள். அனைத்திற்கும் மேலாக நம்மை அண்ணாந்து பார்க்க வைப்பது கார்ன்வாலிசு பெருமகனின் பளிங்குச் சிலை. அதன் அடிமேடையில் ஒரு காட்சி செதுக்கப்பெற்றுள்ளது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படித் திப்புவின் இளம் மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்பெறும் காட்சி அது. தந்தையிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுத்ததைக் கல்லிற் செதுக்கிப் பெருமை கொண்டாடிய உள்ளங்களை என்னென்பது! இதே கார்ன்வாலிசு 1781இல் அமெரிக்காவின் யார்க்குநகரில் வாசிங்டனின் படைக்கு முன் தோற்றுப் பணிந்தவர். அதனை இச்சிலை சொல்லாது. வென்றவன் செதுக்கும் கல் வெற்றியை மட்டுமே பேசும்.

அச்சிலையின் கீழ் நின்ற மாணவனொருவன், “ஐயா, இவர்களுக்காகச் சண்டையிட்ட நம் ஆட்களின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?” என்று கேட்டான். முப்பதாண்டுக் காலம் பாடஞ் சொன்ன நமக்கு அவ்வினாவிற்கு உடனே விடை கூற இயலவில்லை.

காட்சியகத்தாரைக் குறை கூறுவதற்கில்லை. வணிகக் குழுமம் விட்டுச் சென்றதையே அவர்கள் காத்து வைத்துள்ளனர். பெயர்களை எழுதாது விட்டவர் அக்குழுமத்தாரே. அவர்தம் படையிற் பெரும்பாலோர் யார்? 1758 முதல் பட்டாளம் பட்டாளமாகத் திரட்டப்பெற்ற இந்நாட்டு உழவர் குடி மக்கள் அல்லரோ? 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், அரிமா புலியை வீழ்த்துவதாகப் பதக்கம் அடித்தனர். படைத்தலைவர்க்குப் பொன், அடுத்தடுத்த நிலையினர்க்குப் பொன் முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கடைநிலைப் படைஞர்க்கோ வெள்ளீயம்! சிந்திய குருதி ஒரு நிறமாயிருக்க, அதற்கு ஈடாக வந்த பதக்கத்தின் நிறம் ஐந்தாயிற்று.

இதனினும் நெஞ்சு சுடும் உண்மை ஒன்றுண்டு. கூலிக்குப் படைக்கலம் ஏந்திய நம்மவர் நம்மவரையே எதிர்த்துப் போரிட்டனர். 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801இல் திருப்பத்தூரில் மருதிருவரும் தூக்கிலிடப்பெற்றது அக்குழுமப் படையின் வலிமையாலன்றோ? அப்படையினுள்ளும் மானம் அடியோடு மாய்ந்துவிடவில்லை. 1806 சூலைத் திங்கள் 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில், புதிய தலைப்பாகையையும் நெற்றிக் குறிக்கு விதித்த தடையையும் பொறாது படைஞர் கிளர்ந்தெழுந்தனர். ஒரே பகலில் அவருள் நூற்றுக்கணக்கானோர் கொன்று குவிக்கப்பெற்றனர். அவருள் எத்துணைப் பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

ஆயின் தமிழன் மரபு இஃதன்று. களத்தில் வீழ்ந்தவன் வேந்தனாயினும் மாடு மேய்ப்பவனாயினும் அவனுக்குக் கல் நட்டுப் பெயரெழுதியவன் தமிழன். அதற்கென்றே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அறுவகை நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. இஃது ஏட்டளவில் நின்ற இலக்கணம் அன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பெற்ற நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பானின் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கி நிற்கின்றது. ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் அவன் பெயர் அழியவில்லை!

திருவண்ணாமலைப் பகுதியைச் சார்ந்த எடுத்தனூரில் மற்றொரு கல். முதலாம் மகேந்திரவருமன் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில், எருமை நிரை தொடர்பான பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் இளைஞனுக்கு எடுத்தது. அவனருகே அவன் நாயின் உருவமும் உண்டு. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் கல்லில் வெட்டப்பெற்றுள்ளது. தன்னோடு நின்ற நாயின் பெயரையும் மறவாத இனம் எங்கே? தமக்காக மாண்ட மாந்தரின் பெயரையே பொருட்படுத்தாத குழுமம் எங்கே?

மாணவனுக்கு இதனையே விடையாகச் சொன்னோம். “தம்பி, நீ தேடும் பெயர்கள் பளிங்கு மாளிகையில் இல்லை, உன் ஊர் ஏரிக்கரையில் இருக்கக்கூடும்” என்றோம்.

அன்பர்களே! அரசு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்டது. தகடூரில் நடுகற்களைத் திரட்டிக் காத்தும் வருகின்றது. ஆயினும் வேலியோரத்திலும் புதரிடையிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் கற்கள் இன்னும் பல. துவைகல்லாகவும் படிக்கல்லாகவும் நம் முன்னோரை மிதிப்பவர் நாமே. வெள்ளையன் நம் பெயரை எழுதவில்லை என்று வெகுளும் நாம், நம்மவர் எழுதி வைத்த பெயரை அழியவிடுவது எவ்வகை அறம்?

ஆதலின் ஒன்று செய்வோம். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோட்டைக் காட்சியகத்தைக் காணுங்கள். அயலான் வென்ற வகையை அறியட்டும். அடுத்த விடுமுறையில் அவர்களோடு சொந்த ஊரின் எல்லையைச் சுற்றி வாருங்கள். வாளும் வில்லும் ஏந்திய உருவம் பொறித்த கல்லைக் கண்டால், கழுவித் துடைத்து, சுண்ணம் பூசாது, எழுத்தைச் சுரண்டாது, இருந்த இடத்திலேயே காத்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். பிள்ளைகளைக் கொண்டே அப்பெயரை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள்.

பெயர் சொல்ல ஆளிருக்கும் வரை மறவன் சாவதில்லை. தன் மறவரின் பெயர் மறந்த இனம் வாழ்வதுமில்லை!