சாப்பாட்டு மேசை யாருக்காக?

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றை வாங்கிக் குடியேறிய நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். 600 சதுர அடி வீடு. கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஒரு சாப்பாட்டு மேசை. தேக்குக் கால்கள், கண்ணாடி மேற்பரப்பு, சுற்றிலும் ஆறு கதிரைகள். மின்தூக்கிக்குள் நுழையாததால் நான்கு பேர் ஐந்து மாடிகளுக்குப் படிவழியே சுமந்து ஏற்றினார்கள் என்று நண்பர் பெருமையோடு சொன்னார்.

மேசையின் ஒரு பாதியில் மருந்துப் பெட்டி, மின்சாரப் பட்டியல்கள், மகளின் பாடப்புத்தகங்கள், மடிக்கக் காத்திருந்த துணிகள். மறுபாதியில் நண்பரும் நானும் சாப்பிட்டோம். மகள் கோப்பையைக் கையில் ஏந்தியபடி தொலைக்காட்சியின் முன் போய் அமர்ந்தாள். நண்பரின் தாயாருக்குச் சாப்பாடு கட்டிலுக்குப் போனது. கதிரைகளுக்கும் சுவருக்கும் இடையில் அவரது ஊன்றுகோல் நுழையாது என்று காரணம் சொன்னார்கள். நண்பரின் மனைவி எமக்கு இடியப்பம் வைத்துவிட்டு, “நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ அண்ணை, நான் பிறகு சாப்பிடுறன்” என்றார். கைகழுவ எழுந்தபோது பார்த்தேன், குசினியில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு பேருக்கான மேசை. வீட்டில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். அமர்ந்து சாப்பிட்டவர்கள் இருவர்.

நண்பர் இதை வாசிப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். ஏனெனில் என் வீட்டிலும் பல ஆண்டுகள் இதே கதைதான் நடந்தது. எமது சிறிய வீடுகளில் இந்த ஆறு கதிரை மேசைக்கு இடமில்லை என்பதே என் வாதம். அதைவிட முக்கியமாக, சேர்ந்து உண்பதற்கென்று நாம் வாங்கிய பொருளே நம்மைச் சேரவிடாமல் தடுக்கிறது என்பதும் என் குற்றச்சாட்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறு பேர் இருக்கக்கூடிய மேசை ஏறக்குறைய 5 அடி நீளம், 3 அடி அகலம். அதாவது 15 சதுர அடி. கடைக்காரர் இந்தக் கணக்கைத்தான் சொல்வார். ஆனால் கதிரையைப் பின்னால் இழுக்காமல் எவராலும் மேசையில் அமர முடியாது. அதற்கு நாற்புறமும் குறைந்தது இரண்டரை அடி வேண்டும். இப்போது நீளம் 10 அடி, அகலம் 8 அடி. மொத்தம் 80 சதுர அடி, ஒரு சிறிய படுக்கையறையின் அளவு. 600 சதுர அடி வீட்டில் அது ஏழரையில் ஒரு பங்கு. சனி பகவான்கூட ஏழரை ஆண்டுகளில் விலகிவிடுவார். இந்த மேசை விலகுவதில்லை. வீட்டுக் கடனில் ஏழரையில் ஒரு பங்கை, நாளொன்றுக்கு ஒரு மணிநேரமும் பயன்படாத ஒரு பொருளுக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வீடு விற்பவர்களின் விளம்பரப் படங்களையும் நம்பிவிடாதீர்கள். ஒரு தடவை, அத்தகைய படமொன்றை அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அதில் ஆறு கதிரைகளோடு வரைந்திருந்த மேசையின் நீளம் வெறும் மூன்றரை அடி. அத்தகைய மேசையில் பாடசாலைப் பிள்ளைகள் ஆறு பேர் அமர்வதே கடினம்.

அப்படியிருந்தும் ஏன் வாங்குகிறோம்? நாகரிக மோகம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, எத்தனையோ குடும்பங்கள் மேசை, கதிரை, அலுமாரி என அனைத்தையும் விட்டுவிட்டு ஒரு பையோடு வெளியேறின. தென்மராட்சியில் ஒரே கூரையின் கீழ் நான்கைந்து குடும்பங்கள் பாயில் இருந்து உண்டன. பின்னர் கொழும்பிலோ, ரொறன்ரோவிலோ, இலண்டனிலோ ஒரு வீடு அமைந்ததும் அவர்கள் கனமான மேசையொன்றை வாங்கினார்கள் என்றால், “இனி ஓடமாட்டோம்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்கள் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். அந்த ஆசை நியாயமானது. ஆனால் அந்த ஆசைக்கு இந்த மேசைதான் உருவம் தரவேண்டும் என்று யார் விதித்தது?

மறுபுறத்தில், “தரையில் சம்மணமிட்டு உண்பதே எமது பண்பாடு, மேசை அந்நியனுடையது” என்று முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி, குசினி என்ற சொற்களெல்லாம் போர்த்துக்கேய மொழியிலிருந்து எம்மிடம் வந்தவை என்பது உண்மைதான். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை நேரடியாக ஆண்டது 1619 முதல் 1658 வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் குறைவு. அவர்கள் போய் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவர்களது தளபாடச் சொற்கள் எமது நாவில் இருக்கின்றன. இத்தனை காலம் புழங்கிய பின்னர் கதிரையை அந்நியன் என்று சொல்வது வேடிக்கை.

தரையும் அப்படியொன்றும் குற்றமற்ற இடமன்று. பனையோலைத் தடுக்கில் ஆண்கள் வரிசையாக இருந்து உண்ண, பெண்கள் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை அடுப்படியில் உண்ட காலத்தை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தடுக்கில் இருக்கவே அனுமதிக்கப்படாதவர்களும் இருந்தார்கள். பாடசாலைகளில் சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1920களில் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சமூகக் குறைபாடுகளைக் குற்றமாக்கிய பின்னரும், தேநீர்க் கடைகளுக்குள் சமமாக அமரும் உரிமைக்காக 1960களின் பிற்பகுதியில் வடக்கில் மக்கள் போராடினார்கள். யார் எங்கே இருந்து உண்ணலாம் என்பது எமது சமூகத்தில் ஒருபோதும் தளபாடப் பிரச்சினையாக மட்டும் இருந்ததில்லை. தரைக்குத் திரும்பச் சொல்பவர்கள் எந்தத் தரைக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மூட்டுவலியால் அவதிப்படும் எழுபது வயதுத் தாயைத் தரையில் இருத்திவிட்டுப் பண்பாடு பேசுவதும் முறையாகாது.

இங்கே ஜப்பானியரின் அனுபவத்தைச் சொல்லத் தோன்றுகிறது. முன்னர் ஜப்பானிய வீடுகளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சிறு உணவுப் பலகை உண்டு. ‘ஹாகோசென்’ என்ற பெட்டி வடிவப் பலகையும் அவ்வகையில் ஒன்று. குடும்பத்தில் அவரவர் தகுதிப்படி இடமும் வரிசையும் அமைந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘சாபுதாய்’ என்ற, கால்கள் மடியும் குறுமேசை பரவியது. சாப்பிடும்போது விரிப்பார்கள், முடிந்ததும் மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு அதே இடத்தில் படுக்கை விரிப்பார்கள். இடத்தை மிச்சப்படுத்திய அந்தச் சிறு மேசை, தனித்தனியாக உண்டவர்களை ஒரே மேசையைச் சுற்றி இருத்தியது. பின்னர் நிஷியாமா உசோ என்ற கட்டடக் கலைஞர் எளிய மக்களின் சிறு வீடுகளை ஆராய்ந்து, எத்தனை நெருக்கடியிலும் மக்கள் உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் பிரித்து வைக்க முயல்வதை 1940களில் எடுத்துக்காட்டினார். 1951இல் வந்த பொதுவீட்டுத் திட்ட வரைபடமொன்றில் சமையலறையும் உணவறையும் ஒன்றாக்கப்பட்டன. அவர்கள் வீட்டின் அளவைப் பார்த்து மேசையைத் தீர்மானித்தார்கள். நாம் மேசையை முதலில் வாங்கிவிட்டு வீட்டை அதற்குள் நுழைக்கப் பார்க்கிறோம்.

சரி, மாற்று என்ன என்று கேட்பீர்கள். விலையுயர்ந்த வித்தைத் தளபாடம் எதுவும் தேவையில்லை. ஊர்த் தச்சர் செய்யக்கூடியவையே போதும்.

ஒன்று, சுவரோடு மடியும் பலகை. 4 அடி நீளம், 2 அடி அகலம், பிணைச்சல், தாங்குகால். மடித்தால் சுவரிலிருந்து மூன்று, நான்கு அங்குலத்துக்கு மேல் துருத்தாது. இருவர், மூவர் வாழும் வீட்டுக்குப் போதுமானது. செங்கல் அல்லது கொங்கிறீற் சுவராக இருக்கவேண்டும். மெல்லிய தடுப்புச் சுவர் பாரம் தாங்காது.

இரண்டு, இருபக்கமும் பலகை இறங்கும் மேசை. 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து வீடுகளில் இது புழக்கத்தில் இருந்தது. மடித்தால் ஓரடி அகலத்தில் சுவரோரம் நிற்கும். விரித்தால் நால்வர் இருக்கலாம். புலம்பெயர்ந்த நாடுகளில் ஓரறை வீடுகளிலும் நிலக்கீழ் அறைகளிலும் வாழ்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானதொன்றை நான் காணவில்லை.

மூன்று, சுவரோர வாங்கு. வாங்கைப் பின்னால் இழுக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு பக்கத்து இரண்டரை அடி மிச்சம். ஒன்றரை அடி வாங்கு, இரண்டரை அடி அகல மேசை, எதிர்ப்புறம் இரண்டு ஸ்டூல்கள். நீளம் 4 அடி என்றால், சாப்பிடும் நேரத்தில் 26 சதுர அடி. ஸ்டூல்களை மேசைக்கடியில் தள்ளிவிட்டால் 16 சதுர அடி. வாங்கின் அடியில் அரிசி வாளியும் வைக்கலாம்.

நான்கு, சாபுதாய் போன்ற குறுமேசை. முழங்கால் நன்றாக உள்ளவர்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் உகந்தது. முதியவர் இருக்கும் வீட்டில் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

இப்போது பலர் விரும்பும் குசினி மேடையையும் உயர்ந்த ஸ்டூலையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதியவர் ஏறமுடியாது, குழந்தை விழும், எல்லோரும் சுவரைப் பார்த்தபடி பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல வரிசையில் இருப்பார்கள். ஒன்பது விதமாக உருமாறும் தளபாடங்களையும் ஐயத்தோடு பாருங்கள். அரை நிமிடத்தில் தனியொருவர் விரித்து மடிக்க முடியாத மேசை, ஒரு மாதத்தில் நிரந்தரமாக விரிந்தே கிடக்கும்.

“விருந்தினர் வந்தால்?” என்ற கேள்வி வரும். ஆண்டில் இரண்டு தடவை வரும் விருந்துக்காக முந்நூற்றுச் சொச்ச நாட்களை நெருக்கடியில் கழிப்பது என்ன நியாயம்? எமது பந்தி முறை இதற்காகவே உள்ளது. பாய் விரியுங்கள், மடிப்புக் கதிரைகளை அயலில் இரவல் வாங்குங்கள், ஒரு பந்தி முடிய மறுபந்தி வையுங்கள். குழையல் சோற்றைச் சுற்றியிருந்து ஆச்சியின் கையால் வாங்கித் தின்றவர்கள்தானே நாம்? பிளாவில் கூழ் குடிக்க எவரும் மேசை தேடியதில்லை.

என் வீட்டு மேசையை மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் விற்றுவிட்டு, மேலே மூன்றாவதாகச் சொன்ன வாங்கைச் செய்வித்தேன். முதல் வாரம் என் மனைவி வழக்கம்போல நின்றுகொண்டே இருந்தார். அமர்ந்த பின்னரும் சொதி எடுக்க மூன்று தடவை எழுந்து போனார். நாற்பது ஆண்டுப் பழக்கத்தை எந்த வாங்காலும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதை அப்போது உணர்ந்தேன். பின்னர் சொதிச் சட்டியையும் புட்டுப் பாத்திரத்தையும் மேசைக்கே கொண்டுவந்து வைத்தோம். எடுத்துப் போடும் வேலையை நான் பொறுப்பேற்றேன். அதைச் செய்யத் தொடங்க எனக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்ற கேள்விக்கு என்னிடம் கௌரவமான பதில் இல்லை.

ஆகவே, தளபாடக் கடைக்குப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றிரவு உங்கள் வீட்டில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சமைத்தவர் அந்த எண்ணிக்கையில் இருக்கிறாரா, முதியவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அத்தனை பேரையும் சேர்த்து இருத்தக்கூடியது எதுவோ, அது பாயோ பலகையோ வாங்கோ, அதுதான் உங்கள் வீட்டுக்கு ஏற்ற சாப்பாட்டு மேசை. மேசை வந்த பின்னரும் அவர் எழுந்து குசினிக்குப் போனால், சட்டியை எடுத்துவர நீங்கள் எழும்புங்கள்.