ஒயின் சாதுவான சரக்கா?
வீட்டுக்குள் நுழையும் பாட்டிலுக்கு ஒரு கணக்கு

திருச்சியில் "ஒயின் ஷாப்" எங்கே என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஆனால் அந்தக் கடையில் அதிகம் விற்பது ஒயின் அல்ல. பிராந்தியும் ரம்மும் பீரும்தான். பெயர் ஒன்று, சரக்கு வேறு!

இந்தப் பெயர்க் குழப்பத்தோடு இன்னொரு குழப்பமும் இருக்கிறது. "ஒயின் வெறும் திராட்சைச் சாறுதானே? வீட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

அது சரியா?

சர்க்கரை போதையாகிறது

திராட்சையில் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அதைத் தின்று, ஆல்கஹால் என்னும் போதைப் பொருளாக மாற்றுகிறது. ஆல்கஹால் நூற்றுக்குப் 15 பங்கை எட்டும்போது பெரும்பாலான ஈஸ்ட் செத்துவிடும். தான் உண்டாக்கிய விஷத்தில் தானே மடிகிறது!

அதற்கு மேலும் காரம் வேண்டுமானால், காய்ச்சி வடித்த சாராயத்தை அதில் கலக்கிறார்கள். போர்ச்சுகல் நாட்டின் "போர்ட்" ஒயின் அப்படிப்பட்டது. அதில் ஆல்கஹால் ஏறக்குறைய 20 சதவீதம். ஆனால் இனிப்பு தூக்கலாக இருப்பதால் காரம் நாக்குக்குத் தெரிவதில்லை. ஆபத்தே அங்கேதான்!

பென்சிலை எடுங்கள்

பாட்டிலின் லேபிளில் ஆல்கஹால் சதவீதம் அச்சிட்டிருக்கும். 15 சதவீத ஒயின், 750 மில்லி பாட்டில் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள ஆல்கஹால் சுமார் 112 மில்லி. 180 மில்லி பிராந்தி "குவார்ட்டரில்" 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 77 மில்லிதான்.

ஒயினில் காரம் குறைவு; ஆனால் பாட்டில் பெரிது! முழுப் பாட்டிலையும் காலி செய்தவர், குவார்ட்டர் குடித்தவரை மிஞ்சிவிடுகிறார்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதி வீடானாலும், காந்தி மார்க்கெட் மூட்டைத் தொழிலாளியின் வீடானாலும் இந்தக் கணக்கு மாறாது.

சட்டம் சொல்வது

கம்பம் பன்னீர் திராட்சை வாங்கி வீட்டிலேயே ஒயின் போடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அதே ஆண்டு ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது.

2011-ல் ஸ்ரீரங்கத்தில் வென்று முதல்வரானவர் ஜெயலலிதா. 2016 மே 23-ல் மீண்டும் பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட அவர் உத்தரவிட்டார். 2023-லும் 500 கடைகள் மூடப்பட்டன.

வாசற்படியில் காவல்

கடையை மூடுவது அரசின் கையில். வீட்டு வாசலில் பாட்டிலை நிறுத்துவது குடும்பத்தின் கையில். குடிப்பதில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. ஒயினுக்கும் அதில் விலக்கு இல்லை.

திராட்சையைப் பழமாகவே வாங்கி வந்தால், வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம். குழந்தைக்கும் ஒரு கொத்து கிடைக்கும்!